துரை கஞ்சி குடித்த அகப்பை

ஆங்கிலம் இங்கிலாந்தில் பிறந்த மொழி என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகளுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அதில் ஒரு சொல்லாவது கம்பம் பக்கத்து மலையடிவாரத்தில் பிறந்தது. கம்பம் பஜாரில் எண்ணெய்க் கடைக்கும் பாய் டீக்கடைக்கும் நடுவே ஒரு சின்னக் கடையில் அதற்கு ஆதாரமும் இருந்தது. ஆதாரம், ஆணியில் தொங்கிய ஒரு மர அகப்பை. சாட்சி, கடைக்காரர் ஒருவர்தான். சம்பவம் நடந்தபோது அவர் பிறக்கவில்லை. நம்மூரில் எழுதப்பட்ட எத்தனையோ சரித்திரங்களுக்கு இந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை என்பதால், நானும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டில் நிம்மதியாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. ஊருக்கு அவர் உட்டன்வேர். கடை வாசலில் நீலத் தகரத்தில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதி மாட்டியிருந்தார். மரத்தில் செய்த வீட்டுச் சாமான்கள் என்று அதற்கு அர்த்தம். பூரிக்கட்டை, மத்து, முக்காலி, நடைவண்டி, இடியாப்ப உரல் எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். ‘மரச்சாமான் கடை’ என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தால் வேலை முடிந்தது. எழுதமாட்டார். போர்டைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடை என்று நினைத்து நன்னாரி வேர் கேட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களையும் உட்காரவைத்து, சரித்திரத்தை முழுதாகச் சொல்லி, ஆளுக்கொரு பூரிக்கட்டையோடு வழியனுப்பிவைத்தார்.

தொண்ணூற்றெட்டில் ஓர் உரக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக நான் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். திராட்சைத் தோட்டக்காரர்களிடம் உரம் விற்பது காலை வேலை. போன முறை வாங்கிய உரத்துக்குக் கொடி ஏன் காய்க்கவில்லை என்று சமாதானம் சொல்வது மாலை வேலை. எனக்குச் சொந்த ஊர் கெங்குவார்பட்டி. தினமும் போய்வருவது கஷ்டம் என்பதால் உட்டன்வேர் கடை மாடியில் ஓர் அறை எடுத்தேன். வாடகை ஊரிலேயே குறைவு. ஏன் குறைவு என்று நான் யோசித்திருக்க வேண்டும். மாடிப்படி கடைக்குள்ளிருந்துதான் ஏறியது. சரித்திரத்தைத் தாண்டாமல் யாரும் அறைக்குப் போக முடியாது.

சரித்திரம் இதுதான். பெரியாற்றில் அணை கட்ட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தார். லண்டனிலிருந்து அவருக்கு வந்த பீங்கான் தட்டெல்லாம் மாட்டுவண்டியில் குலுங்கி நொறுங்கிவிட்டன. இலையில் சாப்பிடத் துரைக்குத் தெரியாது. கையில் ஏந்திக் குடிக்க மனம் வராது. பட்டினி. துரை பட்டினி கிடந்ததால் அணையும் நின்றுவிட்டது. அப்போதுதான் உட்டன்வேரின் பூட்டனார், அயனிப்பலா மரத்தில் ஒரு தட்டும் கிண்ணமும் அகப்பையும் கடைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். துரை கஞ்சி குடித்தார். குடித்துவிட்டு அழுதார்.

“ஏன்ணே அழுதாரு?” என்று முதல் நாள் கேட்டேன். அது என் தப்பு.

“அழாம என்ன செய்வாக? ‘பீங்கானுக்குப் பேர் வச்சிருக்கோம், தகரத்துக்குப் பேர் வச்சிருக்கோம், இம்புட்டு அருமையான மரச்சாமானுக்கு எங்க பாஷையில ஒரு பேர் இல்லாமப் போச்சே’ன்னு தொரை கலங்கிட்டாக தம்பி. அங்கன நின்னமேனிக்கு ரெண்டு சொல்லச் சேத்து வச்சு ஆணி அடிச்சாக பாருங்க. இந்தப் பக்கம் உட்டன். அந்தப் பக்கம் வேர்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, லண்டனுக்குத் தந்தி. ராணி சாப்பிட உக்காந்த நேரம். பாத்தாக. ‘மொதல்ல இந்தச் சொல்லப் பொஸ்தகத்துல ஏத்துங்க, அப்புறந்தான் சோத்துல கை வைப்பேன்’னுட்டாக.”

“ராணி கையிலயா சாப்பிடுவாக?”

“நம்ம தந்தி போன அன்னைக்கு மட்டும்” என்றார், கொஞ்சமும் அசராமல்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கேட்பவர் யாரோ, அவருக்கும் கதையில் ஒரு பங்கு கிடைக்கும். உத்தமபாளையத்து ராவுத்தர் யாராவது கடைக்கு வந்தால், தந்தி ஆபீஸ் வரைக்கும் குதிரையில் பறந்துபோனது ஒரு ராவுத்தர்தான். குமுளியிலிருந்து மலையாளி வந்தால் திருவிதாங்கூர் திவான் உள்ளே நுழைந்துவிடுவார். “பாதி வாக்கு நிங்ஙளுடெயாணு சாரே” என்று உட்டன்வேர் சொல்லைச் சரிபாதியாகப் பிட்டுக் கொடுத்துவிடுவார். வீரபாண்டித் திருவிழா சமயத்தில் வருகிறவர்களுக்கு, சொல் நல்லபடியாகப் புத்தகத்தில் ஏறினால் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாகத் துரை நேர்ந்துகொண்டார். நான் வந்து உட்கார்ந்த பிறகு, “அந்த அயனி மரத்துக்கு எம்புட்டு உரம் போட்டிருப்பாகன்னு நெனைக்கீக?” என்று என் பக்கம் பார்த்துக் கண் சிமிட்டுவார். அவர் கடையிலிருந்து யாரும் வெறுங்கையோடு போனதில்லை. சாமான் வாங்காவிட்டாலும் சரித்திரத்தில் ஒரு வேலையாவது வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

ஆணியில் தொங்கிய அகப்பை சாட்சாத் துரை கஞ்சி குடித்த அகப்பை. ஒரு மழைக்காலத்தில் அதைக் கரையான் தின்றுவிட்டது. மறுநாள் காலையில் அதே ஆணியில் பளபளவென்று இன்னொன்று.

“அண்ணே, இது போன வாரம் வந்த சரக்குல்ல? மூட்டைய நானும் சேந்துதான் எறக்குனேன்.”

“சரக்கு புதுசு தம்பி. சரித்திரம் பழசுதான?”

நான் முக்காலியில் ஏறி, அகப்பையை நேராகத் தொங்கவிட்டேன்.

இப்பேர்ப்பட்ட மேதைக்கு நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. மேதைமைதான் காரணம். சொந்தக் கட்டடம், பீடி சிகரெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச், விலையில் ஏமாற்றாத வியாபாரம். கேட்டவுடனே பெண் வீட்டார் ஆவலாகக் கடையைப் பார்க்க வருவார்கள். வந்தால் துரையும் வந்துவிடுவார். கடமலைக்குண்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தகப்பனார் ராணிக்குத் தந்தி போய்ச் சேர்வதற்குள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தெழுந்து ஊர் போனார். அதற்குப் பிறகு அவர் கம்பம் பக்கமே வரவில்லை. இன்னொரு பெண்ணின் தாய்மாமன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: “பொண்ணக் குடுக்கலாம்யா, காதக் குடுக்க முடியாது.”

இதையெல்லாம் நானும் பாய் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான். ஒருநாள் சாயங்காலம் அவரே வந்து என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே பேசினார்.

“கடையில ஆள் இருக்குற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பேன் தம்பி. ஷட்டரை எறக்கிட்டா, சோத்தப் போட்டுக்கிட்டுச் செவத்தப் பாத்து உக்காரணும். தனியாத் திங்கிறது இருக்கே, அது சாப்பாட்டுல சேத்தியே இல்ல.”

துரை இல்லாமல், ராணி இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்த மனிதன் வியாபாரத்துக்காகக் கதை சொல்லவில்லை, வந்தவர் இன்னும் கொஞ்ச நேரம் எழுந்து போகாமல் இருப்பதற்காகச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்க்கும் உறைத்திருக்க வேண்டும். டீ ஆற்றும் மேடையை விட்டு இறங்கி, தானே தரகராக மாறினார்.

ஒரு மாதத்துக்குள் போடியில் ஓர் இடம் பிடித்தார். எஸ்டேட்டில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவரின் மகள். தாய் இல்லாத வீட்டில் தம்பிமார்களைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்துக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. சர்ச் வழியும் பொருத்தம். வேலை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்ன பாடம் என்று கேட்டேன். பாய் தொண்டையைக் கனைத்தார்.

“இங்கிலீசு.”

உட்டன்வேரின் முகத்தில் சூரியன் உதித்தது. பாய் உடனே அதை அணைத்தார்.

“இந்தா பாருங்க. போடிக்குப் போறோம், காப்பி குடிக்கிறோம், திரும்புறோம். தொரை நம்மகூட ஜீப்புல ஏறக் கூடாது.”

“ஏறமாட்டாக பாய்.”

“ராணி?”

“ராணியும் வரமாட்டாக.”

“தந்தி?”

உட்டன்வேர் யோசித்தார். வேர்த்தது. “சரி பாய், தந்தியும் இல்ல.”

“இதுவும் தவறுனா இனி உங்களுக்கு நான் பொண்ணு தேட மாட்டேன். வேற யாரும் தேடவும் மாட்டாக. நெனப்புல இருக்கட்டும்.”

உட்டன்வேருக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் துரை வெளியே வந்துவிடுவார். ஆகவே வாயைத் திறப்பதே இல்லை என்று முடிவு செய்துவிட்டார். இதை எங்களிடம் அவர் சொல்லவில்லை.

போடியில் பெண்ணின் தகப்பனாரும் அத்தையும் வரவேற்றார்கள். “ஸ்தோத்திரம் தம்பி” என்றார் தகப்பனார். உட்டன்வேர் கைகூப்பினார். “பஸ் வசதியெல்லாம் எப்படி?” தலையாட்டினார். “ஏவாரம் எத்தன வருசமா?” என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். “காப்பிக்குச் சீனி போதுமா?” மறுபடி தலையாட்டல். மிக்சர் தட்டை நீட்டினால் எடுத்துக்கொண்டார், வைக்கச் சொன்னால் வைத்தார். அத்தை அண்ணன் காதருகே குனிந்து, பக்கத்து ஊரான தேவாரம் வரைக்கும் கேட்கிற மாதிரி ரகசியமாகக் கேட்டார்:

“பையனுக்கு வாய் வராதோ?”

பாய் அவசரமாக, “வரும் வரும். ரொம்ப அடக்கமான பிள்ளை” என்றார். உட்டன்வேரை அடக்கம் என்று சொன்னதற்கு அன்று ஒரு தடவை கூடுதலாகத் தொழுதிருப்பார்.

சோதித்துப் பார்க்கவோ என்னவோ, தகப்பனார் எழுந்து ஜெபம் பண்ண ஆரம்பித்தார். நீளமான ஜெபம். எல்லா எஸ்டேட்டுகளும் அதில் வந்தன. முடிந்ததும் உட்டன்வேர் அத்தனை நேரம் அடக்கிவைத்த மொத்த மூச்சையும் திரட்டி, “ஆமென்!” என்றார். வெளியே கட்டியிருந்த ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது.

“சத்தம் வருது” என்றார் அத்தை. “வார்த்தைதான் வரல.”

பெண் வந்தார். கண்ணாடி போட்ட, நிதானமான முகம். காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். உட்டன்வேர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி தீர்ந்த பிறகும் காலி டம்ளரை மறுபடி மறுபடி உறிஞ்சினார். இந்தப் பெண் கிடைக்க வேண்டும் என்று அவர் மனதார விரும்பிவிட்டார் என்பது அதிலிருந்தே தெரிந்தது. அது தெரிந்ததும் எனக்கும் உள்ளூரப் பதற்றம் வந்துவிட்டது.

தகப்பனார் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “அப்ப, கலந்து பேசிட்டுச் சொல்லி விடுறோம்.”

இந்த வாக்கியத்துக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரே அர்த்தம்தான். பாய் எழுந்துவிட்டார். நானும் செருப்பைத் தேடினேன். அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

“ஒண்ணு கேக்கலாமா? கடைக்கு என்ன பேர் போட்டிருக்கீக?”

பாய்க்குப் புரை ஏறியது. உட்டன்வேர் என்னைப் பார்த்தார். அடிக்கப்போகும் வாத்தியாரை ஒன்றாம் வகுப்புப் பையன் பார்க்கிற மாதிரி பார்த்தார். எப்படியும் தட்டிப்போன சம்பந்தம், கடைசியாக ஒரு தடவை வாய்விட்டுப் பேசிவிட்டாவது போகட்டும் என்று நான் மெல்லத் தலையசைத்தேன்.

மதகைத் திறந்தது போல ஆயிற்று. துரை வந்தார், பீங்கான் நொறுங்கியது, அயனிப்பலா வெட்டப்பட்டது. அத்தை மறுபடி உட்கார்ந்தார். தகப்பனார் இரண்டாம் காட்சியிலேயே தூங்கிவிட்டார். பாய் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் அவர் தூங்கவில்லை. துரை இரண்டு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சேர்ப்பது என்று திகைத்து நின்ற இடத்தில், நான் ஆயிரம் தடவை கேட்ட கதையில் திடீரென்று ஒரு புது ஆள் உள்ளே வந்தார்.

“அந்த நேரம் பாத்து ஒரு டீச்சர் வந்தாக. நம்ம ஊரு டீச்சர்தான். போடிப் பக்கம். கண்ணாடி போட்டிருப்பாக. ‘தொரை, ரெண்டையும் நடுவுல எடம் விடாமச் சேத்து எழுதுங்க’ன்னு சொல்லிக் குடுத்ததே அவுகதான். இல்லேன்னா இன்னைக்கு வரைக்கும் ரெண்டும் தனித்தனியாத்தான் கெடக்கும்.”

கதவோரத்தில் நின்றவர் முன்னால் ஓர் அடி வந்தார்.

“அந்த டீச்சருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

உட்டன்வேர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னும் இல்ல” என்றார். “பேசிக்கிட்டிருக்காக.”

அத்தை “ஆத்தாடி!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தில் தகப்பனார் விழித்து, “என்னத்தா, என்ன முடிவாச்சு?” என்றார்.

“முடிவாயிருச்சுப்பா” என்றார் டீச்சர்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்டவர் உட்டன்வேர். மறுவாரம் அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“தம்பி, இங்கிலீசு டீச்சர் வீட்ல டிக்சனரி இருக்குமோ?”

“இல்லாமலா?”

அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல விஷயம் வெளியே வந்தது. நான் கம்பத்துக்கு வருவதற்கு முன்பே, தேக்கடி போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் கார் கடை வாசலில் பஞ்சராகி நின்றிருக்கிறது. ஊழ்வினை. உட்டன்வேர் அவரை முக்காலியில் உட்காரவைத்து, போர்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சரித்திரத்தைச் சொல்லியிருக்கிறார்.

“சிரிச்சுப்புட்டாரு தம்பி. இந்தச் சொல்லு ‘ஓல்டு, வெரி வெரி ஓல்டு’ன்னாரு. அணைக்கு முந்தியான்னு கேட்டேன். அணைக்கு முந்தி, தொரைக்கு முந்தி, ராணிக்கும் முந்தியாம். டிக்சனரியிலயே வருசம் போட்டிருக்காம்.”

“அப்ப, பொய்யின்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா? பெறகும் ஏன்ணே சொல்லிக்கிட்டிருந்தீக?”

“எங்க அப்பா காலத்துல இருந்து நம்ம கடையிலயே கெடக்காரு. திடீர்னு போகச் சொன்னா தொரை எங்கன போவாரு?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “டீச்சர் இந்தக் கதைய நம்பித்தான் சரின்னுச்சு. பொய்யின்னு தெரிஞ்சா, ஏமாத்திக் கட்டிக்கிட்டான்னு நெனச்சுப்புடும். அது எனக்குத் தாங்காது தம்பி. நீங்க ஒருநாளும் சொல்லிராதீக.” கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டாரா? மறுநாளே போடிக்குப் போய், பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் அறிவித்தார்: “சீர்செனத்தி ஒண்ணும் வேணாம். நகை வேணாம், பீரோ வேணாம், கட்டில் வேணாம். டீச்சர் மட்டும் வந்தாப் போதும். ஒத்தப் பொஸ்தகம்கூடக் கொண்டுவரக் கூடாது.” போடியே அசந்துபோனது. தகப்பனார் கண் கலங்கினார். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு வாலிபன் உண்டா என்று உருகினார். நாற்பத்துச் சொச்சம் வயது வாலிபன் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார். ஒரு டிக்சனரிக்குப் பயந்து வரதட்சணையை ஒழித்த ஒரே சீர்திருத்தவாதி அவராகத்தான் இருப்பார்.

அழைப்பிதழில் நிஜப் பெயரைப் போட்டதால் யார் கல்யாணம் என்று கம்பத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பாய் டீக்கடையில் நின்று டமாரம் அடித்துத்தான் கூட்டம் சேர்த்தார். கல்யாணம் முடிந்த வாரமே டீச்சரின் டிரங்குப் பெட்டியை உட்டன்வேர் ரகசியமாகச் சோதித்திருக்கிறார். சேலை, ஜெபப் புத்தகம், ஒரு குடை. டிக்சனரி இல்லை. என் அறைக்கு வந்து பெரிய மூச்சாக விட்டார். அடுத்த வருஷம் கம்பெனி என்னை வேறு ஊருக்கு மாற்றியது.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பதில்தான் கம்பம் பக்கம் மறுபடி போக வாய்த்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். நீலப் போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கடைக்குள் கோட்டயத்துக் குடும்பம் ஒன்று முக்காலிகளில் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் நின்றபடி சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். கதை எங்கேயோ வளர்ந்துபோயிருந்தது. துரைக்கு இப்போது ஒரு நாய் இருந்தது. ராணிக்குப் பல்வலி. தந்தி கொண்டுபோன ராவுத்தரின் குதிரைக்குக்கூடப் பெயர் வைத்திருந்தார்கள். இதைவிட வேடிக்கை, உட்டன்வேர் கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து, தான் கேட்டே இராத கதை மாதிரி, “ம், அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். “ஏத்தா, யாரு வந்திருக்காகன்னு பாரு! உரக்காரத் தம்பி!” கையைப் பிடித்து உட்காரவைத்தார். அப்படியே காதருகே குனிந்து, “சொல்லிரலையே?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். முகம் மலர்ந்து, எனக்கு டீ சொல்லப் பாய் கடைக்கு ஓடினார்.

கோட்டயத்துக் குடும்பம் ஒரு நடைவண்டியோடு போனது. டீச்சர் ஆணியிலிருந்து அகப்பையை எடுத்துக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார்.

“இத வீட்டுக்குக் கொண்டுபோங்க தம்பி. தொரை கஞ்சி குடிச்ச அகப்பை.”

“எத்தனாவது அகப்பை டீச்சர்?”

சிரித்தார். பிறகு வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரல் தணிந்தது.

“பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கே டிக்சனரியப் பாத்துட்டேன் தம்பி. அணை கட்டுறதுக்கு வெகு காலம் முந்தியே அந்தச் சொல்லு இருக்கு.”

நான் டீ வராமலே புரையேறி இருமினேன்.

“அப்புறம் எப்படி டீச்சர்...”

“எங்கம்மா போனதுக்கப்புறம் எல்லாரும் என்கிட்ட வேலைதான் சொன்னாக. கதை சொன்னது இவுக மட்டுந்தான். அதுலயும் என்னையும் ஒரு ஆளாச் சேத்துச் சொன்னாக. அது பொய்யா இருந்தா எனக்கென்ன?” காகிதத்துக்கு மேல் சணல் கட்டினார். “நல்லவேளை, அவுகளே பெரிய மனசு பண்ணிப் பொஸ்தகம்கூட வேணாம்னுட்டாக. டிக்சனரிய ஸ்கூல் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். இவுக கண்ணுல பட்டா மனசு ஒடஞ்சுபோயிரும். உசுரா நம்பிக்கிட்டிருக்காக. நீங்க ஒருநாளும் சொல்லிராதீக.”

சத்தியம் செய்துகொடுத்தேன். வேறென்ன செய்ய?

“அந்த டிக்சனரியில இன்னொண்ணும் போட்டிருந்துச்சு” என்றார் டீச்சர். “சொல்லுல பின்பாதி இருக்குல்ல, அந்த ‘வேர்’. சாமான்னு அர்த்தம். ஆதியில அதுக்குப் பத்திரமாப் பாத்துக்கிற வேண்டியதுன்னு அர்த்தம் இருந்திருக்கலாமாம். உறுதியாச் சொல்ல முடியாதாம். எனக்கு அது போதும்.”

“அங்கன என்ன ரகசியம்?” என்று டீ டம்ளர்களோடு உட்டன்வேர் உள்ளே வந்தார்.

“ஒண்ணுமில்ல. தம்பிக்கு அகப்பை கட்டிக்கிட்டிருக்கேன்.”

“நல்லாச் சுத்திக் கட்டு. தொரையோட அகப்பையாக்கும்” என்றார் அவர். டீச்சர் தலையை நிமிர்த்தாமல், “ஆமா” என்றார்.

இரண்டு சத்தியத்தையும் இன்றோடு உடைத்துவிட்டேன். அவர்கள் கையில் இந்தக் கதை வரும் பத்திரிகை கிடைத்துவிடுமே என்று எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. யார் முதலில் படிக்கிறாரோ, அவர் மற்றவர் கண்ணில் படாமல் இதை ஒளித்துவைத்துவிடுவார்.

டீச்சர் அகப்பை தந்த அன்று வீட்டுக்கு வந்து பொட்டலத்தைக் கொடுத்தேன். மனைவி பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்க, சாதா அகப்பைதான?”

“இல்லம்மா. உட்டன்வேர்” என்றேன். “பத்திரமா வச்சுக்க.”